ரெண்டு போட்டா அடங்குமா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மாட்டுப் பொங்கலன்று, கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள பெரியப்பா வீட்டுக்கு எங்கள் நான்கு மாதக் குட்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் சிண்டு. தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி. செம்பட்டை நிறம், ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று மடிந்து கிடக்கும். காரை விட்டு இறங்கியதும் வாசல் கோலத்தை நக்கியது. அரிசிமாவுக் கோலம். நடைக்குள் நுழைந்ததும் பெரியம்மாவின் முந்தானையைக் கவ்வியது. பிறகு பெரியப்பா மேல் முன்னங்கால் இரண்டையும் வைத்து எம்பி எம்பிக் குதித்தது. பொங்கலுக்கு எடுத்த புது வேட்டி. கரிசல் மண் ஒட்டிய இரண்டு பாதமும் அதில் அச்சாக விழுந்தன.

"நாய்க்கு இம்புட்டு எடம் குடுத்து வச்சிருக்கியேல. ரெண்டு போடு, தானா அடங்கும்" என்றார் பெரியப்பா. நான் தயங்கி நின்றேன். அவரே செய்தித்தாளைச் சுருட்டி மூக்கின் மேல் இரண்டு போட்டார். சிண்டு தரையோடு தரையாகப் படுத்து, அந்த இடத்திலேயே மூத்திரம் பெய்தது. அதற்கு மூன்றாவது அடி விழுந்தது. ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது.

"பாத்தியா, அடங்கிருச்சு" என்றார்கள் எல்லாரும். எனக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதிக்காக இன்றுவரை வருந்துகிறேன்.

மதியம் பந்து உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று. அதை எடுக்க மதினியின் மூன்று வயதுப் பேத்தி தவழ்ந்து உள்ளே போனாள். சிண்டு உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. நேராகக் கடித்தது. புறங்கையில் இரண்டு பல் பதிந்து ரத்தம் கசிந்தது. குழாயடியில் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவினோம். குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும், பிள்ளை விஷயத்தில் துணியக் கூடாது என்று அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். 0, 3, 7, 28 என்று நாள் குறித்து ஊசி எழுதிக் கொடுத்தார்கள். சாயங்காலம் திண்ணையில் தீர்ப்பு சொல்லப்பட்டது: "இது ஆகாத நாய். போற வழியில எங்கயாவது விட்டுட்டுப் போ."

அந்தக் கடியைக் காலையில் அந்த வீட்டில் நாங்களே விதைத்திருந்தோம். குட்டியை அடித்தால்தான் அது சொந்தக்காரர் வீட்டில் ஒழுங்காக இருக்கும் என்ற நம்பிக்கை தவறு. தவறு மட்டுமல்ல, ஆபத்து. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நம்பிக்கைக்கு நம்மிடம் வேர் ஆழம். அடியாத மாடு படியாது என்கிறோம். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்கிறோம். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்றும் ஒரு காலம் சொன்னோம். பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சமாவது மாறிவிட்டோம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்துவிட்டது. ஆசிரியர் கையிலிருந்து இறங்கிய பிரம்பு வீட்டில் நாய்க்குட்டியின் மேல் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. அதை அடி என்றுகூட யாரும் சொல்வதில்லை. "தட்டுறது" என்கிறோம்.

சிண்டு அன்று என்ன குற்றம் செய்தது என்று பார்ப்போம். நாயின் மூதாதையான ஓநாயின் குட்டிகள், இரை தேடித் திரும்பும் பெரியவற்றின் வாயை நக்கும். நக்கினால் அவை விழுங்கி வந்த இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். நாய்க்குட்டிக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. புதிதாக ஒருவரைக் கண்டால் அதன் மரியாதை முகத்தை நோக்கித்தான் போகும். நம் முகம் ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. குதிக்காமல் அது எப்படி எட்டும்? நாம் கைகூப்புவதைப் போல அது எம்புகிறது. அதற்குக் கிடைத்த பதில் மூக்கில் ஓர் அடி.

மூத்திரம் பெய்தது இன்னும் பரிதாபம். பயத்திலும் பணிவிலும் குட்டிகளுக்குச் சிறுநீர் தானாக இறங்கிவிடும். "உனக்கு நான் எதிரியில்லை, விட்டுவிடு" என்று பெரிய நாயிடம் கெஞ்சும்போதும் இதுதான் நடக்கும். சிண்டு தன் பாஷையில் மன்னிப்புக் கேட்டது. கேட்டதற்கு மறுபடி அடித்தோம். மூத்திரம் பெய்த இடத்தில் குட்டியின் மூக்கை வைத்துத் தேய்க்கும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. அதைச் செய்கிறவர்கள் தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதனால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: உங்கள் கண்ணில் படாமல், அலமாரிக்குப் பின்னால் போய்ப் பெய்வது.

அடுக்குமாடி வீட்டில் வளரும் குட்டிக்கு நம் உறவினர் வீடு எப்படித் தெரியும் என்று நாம் யோசிப்பதேயில்லை. அங்கே எல்லாமே புதிது. வாசலில் இருபது ஜோடிச் செருப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு வாசனை. தரையில் இழையும் சேலைத் தலைப்பு, ஆடும் வேட்டி நுனி, கொலுசுச் சத்தம், கத்திக்கொண்டு ஓடும் பிள்ளைகள். பால்பற்கள் விழுந்து பல் முளைக்கும் மாதங்களில் அதற்கு ஈறு வேறு ஊறும், கண்ணில் படுவதையெல்லாம் கவ்வத் தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பந்தி. மேஜையில் சாப்பிடும் வீட்டில் வளர்ந்த குட்டி, மனிதர்கள் வரிசையாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையையும் முகத்தையும் தன் மூக்குக்கு நேராக வைத்திருப்பதை வாழ்க்கையில் முதன்முறையாக அன்றுதான் பார்க்கிறது. அதற்கு அது கூப்பிட்டு உபசரிப்பது போலத்தான் தோன்றும். நேற்றுவரை கைலியில் இருந்தபோது "வாடா வாடா" என்று நெஞ்சில் ஏற்றிக் கொஞ்சியவர், இன்று வெள்ளை வேட்டி கட்டியதால் அடிக்கிறார். கைலிக்கும் வேட்டிக்கும் வித்தியாசம் நமக்குத் தெரியும். குட்டிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அடியால் குட்டி ஒன்றும் கற்பதில்லை என்று நான் சொல்லவில்லை. கற்கிறது. நாம் நினைத்த பாடத்தைக் கற்பதில்லை. "முந்தானையைக் கவ்வியதற்காக அடித்தேன்" என்பது நம் மனதில் ஓடும் கணக்கு. குட்டிக்குத் தெரிவது, அந்த நொடியில் தன் கண்முன் இருந்தவை: வெள்ளை வேட்டி, மீசை வைத்த முகம், உயர்ந்த கை, அந்த வீட்டு வாசனை. அடியின் வலியை அது இவற்றோடு சேர்த்து முடிந்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அந்த முகத்தைக் காணும்போது, எதையும் கவ்வுவதற்கு முன்பே, பயம் வந்து நிற்கும். உறவினரிடம் நல்லபடி நடந்துகொள்ளச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று நினைத்து, உறவினர் என்றாலே வலி என்று சொல்லிக்கொடுக்கிறோம்.

உறுமலையும் அப்படித்தான் அடித்து நிறுத்துகிறோம். நாய் உறுமுவது நமக்குச் செய்கிற உபகாரம். "கிட்ட வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று கடிப்பதற்கு முன் அது தரும் எச்சரிக்கை. உறுமும்போதெல்லாம் அடி வாங்கும் நாய், உறுமக் கூடாது என்று கற்கிறது. பயம் மட்டும் அப்படியே உள்ளே கிடக்கிறது. பெரியப்பா வீட்டுக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பு, எலும்பை எடுக்கப் போன என் கையைப் பார்த்துச் சிண்டு உறுமியது. அப்போது நானே அதன் தலையில் ஓங்கி ஒன்று வைத்திருந்தேன். கட்டிலுக்கடியில் அந்தப் பிள்ளையை எச்சரிக்காமல் அது கடித்ததில் என் அடிக்கும் பங்குண்டு.

என் வீட்டில் நடந்ததை மட்டும் வைத்துப் பேசவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், நடத்தைச் சிக்கலோடு வந்த நாய்களின் உரிமையாளர்கள் 140 பேரிடம், நீங்கள் வீட்டில் என்னென்ன செய்து பார்த்தீர்கள், நாய் என்ன செய்தது என்று கேட்டு 2009இல் வெளியிட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினர், நாய் பதிலுக்குச் சீறியது என்று சொன்னார்கள். மல்லாக்கப் புரட்டி அமுக்கியவர்களில் 31 விழுக்காட்டினர் அதையே சொன்னார்கள். 2020இல் போர்ச்சுகல்லில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தீனி கொடுத்துப் பழக்கும் பயிற்சிப் பள்ளிகளின் நாய்களையும், கத்தியும் கயிற்றைச் சுண்டி இழுத்தும் பழக்கும் பள்ளிகளின் நாய்களையும் ஒப்பிட்டார்கள். கடுமையாகப் பழக்கப்பட்ட நாய்களின் உமிழ்நீரில், பயிற்சி முடிந்தபின் மன அழுத்தம் காட்டும் கார்ட்டிசால் அதிகமாக ஏறியிருந்தது.

அதே ஆய்வில் கிண்ணத்தை வைத்து ஒரு சோதனையும் உண்டு. ஒரு பக்கம் வைக்கும் கிண்ணத்தில் எப்போதும் தீனி இருக்கும், மறுபக்கம் வைப்பதில் எப்போதும் இருக்காது. நாய் இதைத் தெரிந்துகொண்டபின் கிண்ணத்தை நடுவில் வைப்பார்கள். இருக்கும் என்று நம்புகிற நாய் ஓடும், இருக்காது என்று நினைப்பது தயங்கும். மிகக் கடுமையான பள்ளிகளிலிருந்து வந்த நாய்கள் தயங்கித் தயங்கிப் போயின. உலகத்தில் தனக்கு நல்லது காத்திருக்கிறது என்ற நம்பிக்கையே அவற்றுக்குக் குறைந்துபோயிருந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"எங்க காலத்துல நாயை அடிச்சுத்தான் வளத்தோம், ஒண்ணும் ஆகல" என்பார்கள் பெரியவர்கள். நேர்மையாகச் சொல்லப்படும் வாதம்தான். ஆனால் அந்தக் காலத்து நாய் எங்கே இருந்தது? வாசலில், களத்தில், தொழுவத்தில். வீட்டுக்குள் அதற்கு வேலையே இல்லை. வந்த விருந்தாளி மேல் குதித்தால் "சீ, போ" என்றால் ஓடுவதற்கு ஊரே கிடந்தது. பயந்த நாய்க்கு ஒதுங்கிப்போக இடம் இருந்தது. இன்றைய குட்டி நாலு சுவருக்குள் சங்கிலியில் இருக்கிறது. ஓட முடியாத நாய் கடிக்கும்.

அந்தக் கணக்கில் விட்டுப்போனவையும் உண்டு. உங்கள் குடும்பத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "அதுக்குப் பொறகு ஒரு நாய் இருந்துச்சு, ஆளுகள ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சிருச்சு, கொண்டு போய் விட்டுட்டோம்" என்று ஒரு கதை கட்டாயம் வரும். சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டது, சந்தையில் விட்டது, மீன் லாரியில் ஏற்றி அனுப்பியது. அடித்து வளர்த்தும் நன்றாக இருந்த நாய்கள் மட்டும் நினைவில் நிற்கின்றன, அடியால் கெட்டவை அக்கரையில் நின்றுவிட்டன. சிண்டுவும் அன்று சாயங்காலம் அந்த வரிசையில்தான் இருந்தது.

படித்த இளைஞர்களிடம் இதே நம்பிக்கை வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. என் தம்பி முறையில் ஒருவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். "அடிக்கத் தேவையில்லண்ணே, நீதான் ஆல்ஃபான்னு அதுக்குக் காட்டணும். கழுத்தைப் புடிச்சு மல்லாக்கப் போட்டு அமுக்கு" என்றான். வீடியோவில் பார்த்தானாம். இந்த ஆல்ஃபா கதைக்கு ஓர் ஊற்றுக்கண் உண்டு. ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிசாலையில், ஒன்றுக்கொன்று உறவில்லாமல் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதினார். அடைபட்டவை சண்டை போட்டன, அவற்றில் ஒன்று தலைமை ஏற்றது. டேவிட் மீச் என்ற அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் 1970இல் எழுதிய நூல் இந்தக் கருத்தை உலகெங்கும் கொண்டுபோயிற்று. அதே மீச், 1986 முதல் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்தார். அங்கே ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு தாய், ஒரு தகப்பன், அவர்களின் பிள்ளைகள். தகப்பன் பிள்ளைகளை அமுக்கித் தலைமையைப் பிடிக்கவில்லை, பெற்றதால் முன்னே நடந்தான். 1999இல் ஆய்வுக்கட்டுரை எழுதி மீச் தன் பழைய கருத்தைத் திருத்தினார். தன் நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தாரிடம் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார், 2022இல் நிறுத்தினார்கள். எழுதியவரே கைவிட்ட கருத்தை நாம் நான்கு மாதக் குட்டியின் கழுத்தில் கைவைத்து நடத்திக்கொண்டிருக்கிறோம்.

"தப்புச் செஞ்சது அதுக்கே தெரியுது, மூஞ்சியைப் பாரு" என்பதும் இதோடு சேர்ந்ததுதான். நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 14 நாய்களை வைத்துச் செய்து 2009இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில் சொல்லிவிட்டது. உரிமையாளர் தின்னாதே என்று சொல்லிவைத்த தின்பண்டத்தைத் தின்னாத நாயும், அவர் திட்டினால் அதே குற்றவாளி முகத்தைக் காட்டியது. அது நம் கோபத்தைப் பார்த்து வரும் முகம்.

நம் சட்டத்தின்படியும் விலங்கை அடிப்பது குற்றம். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. முதல் முறைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். அந்தத் தொகையை மாற்ற வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

அப்படியானால் குதிக்கிற குட்டியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அடிக்காதே என்று சொல்லிவிட்டு அத்தையின் பட்டுச்சேலையைக் குட்டி கிழிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. "சின்னது, வளந்தா சரியாயிரும்" என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் தவறு. முழங்கால் உயரத்தில் குதிப்பது ஒரு வருடத்தில் இடுப்பு உயரத்தில் குதிக்கும். வயதான பாட்டி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்.

நாங்கள் ஊரிலிருந்து திரும்பியதும் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் சொன்னதை மூன்று மாதம் செய்தோம். குதிக்கும்போது பார்க்காதே, பேசாதே, தொடாதே, திரும்பி நில். நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடியில், கடலைப்பருப்பு அளவுக்கு அவித்த கோழித்துண்டைத் தரையில் போடு, குனிந்து தடவு. இதுதான் மொத்தமும். கேட்க எளிது, செய்வது கடினம். "சீ, இறங்கு" என்று கையால் தள்ளுவதுகூட அதற்கு விளையாட்டு, அதுவும் பரிசுதான். முதல் நான்கு நாள் முன்னைவிட அதிகமாகக் குதித்தது. இதுவரை பலித்த தந்திரம் ஏன் பலிக்கவில்லை என்று இன்னும் முட்டி மோதிப் பார்த்தது. பெரும்பாலானவர்கள் அங்கேதான் பொறுமை இழந்து கை ஓங்குகிறார்கள். ஐந்தாவது நாள் குதிப்பதற்கு முன் ஒரு கணம் நின்று என் முகத்தைப் பார்த்தது. அந்த ஒரு கணத்துக்குத் துண்டு போட்டேன். இரண்டாவது வாரம் என் முன்னால் தானாக உட்கார்ந்தது. தமிழ் வீட்டிலும் நாயிடம் எல்லாரும் "சிட்" என்றுதான் சொல்கிறோம், நான் "உக்காரு" என்றே பழக்கினேன், ஊரில் பெரியம்மாவும் சொல்ல வேண்டுமே.

எனக்கு உட்கார்ந்தால் போதாது. குட்டிக்கு ஒவ்வொரு ஆளும் ஒரு புதுப்பாடம். மாடி வீட்டு அக்கா, இஸ்திரி போடுகிறவர், பால் கொண்டுவரும் தம்பி எல்லாரிடமும் கையில் இரண்டு துண்டைக் கொடுத்து, உட்கார்ந்தால் மட்டும் போடச் சொன்னோம். ஒருவர்கூட மறுக்கவில்லை. அழைப்புமணியை நாங்களே நாளைக்குப் பத்து முறை அடித்து, மணி என்றால் ஓடிப்போய் விரிப்பில் உட்கார வேண்டும் என்று பழக்கினோம். விரிப்பு என்பது ஒரு பழைய பெட்ஷீட். அதை விரித்தால் அங்கே அதற்கு நல்லது நடக்கும், யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். அந்த பெட்ஷீட்டை எங்கே எடுத்துப்போனாலும் நம் வீட்டில் ஒரு துண்டு கூடவே வரும்.

இதையெல்லாம் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டி புதிய மனிதர்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்கும் காலம் என்று ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இலேயே எழுதினார்கள். நாமோ பார்வோ வைரஸுக்குப் பயந்து, தடுப்பூசி முடியும்வரை குட்டியைக் குளியலறைப் பக்கம் கட்டி வைக்கிறோம். பயம் நியாயமானது. மண்ணில் விட வேண்டாம், தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போகலாமே. வேட்டி கட்டியவர், முக்காடு போட்டவர், தலைப்பாகை கட்டியவர், தடி ஊன்றியவர், ஓடும் பிள்ளை எல்லாரையும் அது நம் தோளிலிருந்தே பார்த்துவிடும்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஊருக்குப் போனோம். வேண்டுமென்றே விசேஷம் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்தோம். முதல்முறை குட்டியைக் கூட்டிப்போகிறவர்கள் கல்யாணம், காதுகுத்து, கொடைவிழா நாளைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. முன்கூட்டியே பெரியப்பாவிடம் போனில் கேட்டேன். அவர் வேண்டாம் என்றிருந்தால் விட்டுவிட்டுத்தான் போயிருப்பேன். நாயைக் கண்டு பயப்படும் வீட்டுக்கும், பிடிக்காத வீட்டுக்கும் நம் ஆசைக்காக அதைக் கொண்டுபோய்த் திணிப்பது மரியாதை இல்லை. "கூட்டிட்டு வா. ஆனா அந்தப் பிள்ளை பக்கம் வரக் கூடாது" என்றார். சரி என்றேன். "நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும் பெரியப்பா. வந்தவுடன கொஞ்ச நேரம் அதப் பாக்காதீங்க, கூப்பிடாதீங்க" என்றேன். "என் வீட்டுக்கு வர்ற நாய்க்கு நான் மொகத்தைத் திருப்பிக்கிடணுமாக்கும்" என்று சத்தம் போட்டார்.

ஊர் எல்லையில் காரை நிறுத்தி அரை மணி நேரம் கண்மாய்க் கரையில் நடத்தினேன். எல்லாவற்றையும் மோந்து பார்த்து, சிறுநீர் கழித்து, வேகம் தணிந்தபின்தான் தெருவுக்குள் வந்தோம். சிண்டு வாசற்படி வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. நான்கு காலும் நடுங்கின, வால் வயிற்றோடு ஒட்டியது. மூன்று அடி விழுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நான் இழுக்கவில்லை. திண்ணையிலேயே பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்துவிட்டேன்.

பெரியப்பா வெளியே வந்தார். பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திண்ணையின் மறுகோடியில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கோழித்துண்டை அவர் கையில் கொடுத்தேன். திரும்பாமலே ஒன்றைப் பின்னால் போட்டார். பத்தாவது துண்டுக்குச் சிண்டு எழுந்து போய் எடுத்தது. அப்படியே அரை மணி நேரம் போயிற்று.

அப்போதுதான் அவர் பேச ஆரம்பித்தார். அவர் இளவட்டமாக இருந்தபோது கன்னி நாய் ஒன்று வளர்த்திருக்கிறார். அந்தப் பக்கத்துக் கரிசல் காட்டில் கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் வேட்டைக்கு வளர்த்த நாய்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த வேட்டை இன்று குற்றம். "அதுமேல ஒரு நாளும் கை வச்சதில்லல. வேட்டை நாயை அடிச்சா, முயலைப் புடிச்சாலும் நம்மகிட்ட கொண்டாராது. கூப்புட்டா காட்டுக்குள்ள ஓடிரும். மொத ஈரல் அதுக்குத்தான். அது தின்ன பொறகுதான் நாங்க முயலத் தொடுவோம்" என்றார்.

"அப்ப சிண்டுவ ஏன் பெரியப்பா அடிச்சீங்க?"

"அது காட்டு நாய். இது வீட்டுக்குள்ள வர்ற நாய்ல்லா" என்றவர், அதற்கு மேல் பேசவில்லை. வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரியாத விஷயம் எதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அடிக்காமல் பழக்கும் வித்தை இந்த மண்ணில் இருந்தது. முயலுக்காகக் காட்டிய பொறுமையை முந்தானைக்காகக் காட்ட நமக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

அன்று சிண்டு இரண்டு மணி நேரம்தான் அங்கே இருந்தது. சங்கிலி முழுநேரமும் என் இடுப்பில். பந்தி நடக்கும்போது பின்கட்டு அறையில் தூங்க வைத்தேன். குட்டிகள் நாளில் பெரும்பகுதி தூங்க வேண்டியவை, தூக்கம் கெட்ட குட்டிதான் அதிகமாகக் கவ்வும். பெரியம்மா பாசத்தோடு ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்தார். அதில் உலர்திராட்சை மிதந்தது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று சொல்லி, அவர் கையால் ஒரு துண்டு கேரட் போட வைத்தேன். பேத்தி கூடத்தின் மறுகோடியில் அம்மா மடியில் இருந்தாள். கையசைத்தாள். சிண்டு பெட்ஷீட்டை விட்டு எழவில்லை. அது நன்றாக இருக்கும்போதே கிளம்பிவிட்டோம்.

இப்போது வருடத்துக்கு மூன்று நான்கு முறை போகிறோம். பெரியம்மா "உக்காரு" என்றால் உட்காரும். யார் மேலும் குதிப்பதில்லை. பெரியப்பா திண்ணையில் இருந்தால் அவர் காலடியில்தான் படுக்கும். ஆனாலும் எங்கள் வீட்டில் தினமும் காலை ஆறு மணிக்குப் பேப்பர் போடும் பையன் செய்தித்தாளைச் சுருட்டி வராந்தாவில் எறிவான். அந்தச் சத்தம் கேட்டதும் சிண்டு எழுந்து போய்க் கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்கிறது.